வாடிவாசலும் கிபியோன் குளமும்

ஜெகதாப்பட்டினத்து மீன்பிடித் துறையில் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லாத நாட்களில், வலை செப்பனிட அமரும் இளைஞர் கைபேசியில் ஒரு காட்சியைக் கண்டு களிப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. எண்கோணக் கம்பிக் கூண்டுக்குள் இருவர் மோதுகின்றனர். குத்து, உதை, மல், கழுத்தைப் பூட்டி நெரித்தல் எல்லாம் அங்கு அனுமதிக்கப்படுகின்றன. கலப்புப் போர்க்கலை என்று இதற்குத் தமிழில் பெயர் வழங்குகிறது. கீழே விழுந்தவனின் முகத்தில் மேலிருப்பவன் தொடர்ந்து குத்துவதைக் கண்ட பெரியவர்கள், இதுவும் ஒரு விளையாட்டா என்று முகஞ்சுளிக்கின்றனர். இளைஞரோ, அப்படியானால் ஜல்லிக்கட்டு மட்டும் விளையாட்டா என்று திருப்பிக் கேட்கின்றனர். வாலிபர் கூட்டத்தில் எழுந்த இவ்வினா எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. தமிழகத்திலேயே மிகுதியான வாடிவாசல்களை உடையது என்று பெயர் பெற்ற புதுக்கோட்டை மாவட்டத்தில் ஊழியம் செய்வோர்க்கு இது ஏட்டுவினாவும் அன்று.

ஆகவே, வன்முறை மிகுந்த ஒரு போட்டி எக்கட்டத்தில் விளையாட்டு என்னும் பெயரை இழக்கிறது என்பதை, தமிழில் இப்பொருள்பற்றி எழுந்த சிறந்த புனைகதையாகிய சி. சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்' என்னும் குறுநாவலை முன்வைத்து ஆராய விழைகிறோம். தடை வேண்டும், வேண்டாம் என்னும் வழக்காடல் நம் நோக்கமன்று. அவ்வழக்காடல் வேண்டிய அளவு நடந்தாயிற்று.

முதலில் கூண்டுப் போரைப்பற்றிச் சில செய்திகள். 1993 நவம்பர் 12ஆம் நாள் அமெரிக்காவின் டென்வர் நகரில் இது வணிகக் காட்சியாகத் தொடங்கியபோது, கடித்தலும் கண்ணைத் தோண்டுதலும் போன்ற மிகச் சிலவே விலக்கப்பட்டிருந்தன. எடைப்பிரிவு இல்லை. மெலிந்தவன் தன்னைப்போல் இருமடங்கு எடையுள்ளவனை எதிர்கொள்ள நேர்ந்தது. செனட்டர் ஜான் மெக்கெய்ன் இதனை மனிதச் சேவற்சண்டை என்று சாடி, பல மாநிலங்களில் இது தடுக்கப்பட வழிசெய்தார். பின்னர் எடைப்பிரிவு, ஐந்து நிமிடச் சுற்று, மருத்துவச் சோதனை, நடுவர் அதிகாரம் ஆகியவை ஒழுங்குபடுத்தப்பட்டன. 2001ஆம் ஆண்டளவில் ஒருங்கிணைந்த விதிகள் நிலைபெற்றன. நெடுங்காலம் மறுத்துவந்த நியூயார்க் மாநிலமும் 2016இல் இணங்கியது. இந்தியாவில் 2012 முதல் இதற்கெனப் போட்டித் தொடர்கள் நடந்துள்ளன. 2024 ஜூனில் உத்தரப் பிரதேசத்துப் பூஜா தோமர் அவ்வமெரிக்கக் கூண்டில் வென்ற முதல் இந்தியர் ஆனார்.

இவ்வரலாற்றில் நாம் ஊன்றி நோக்கவேண்டியது ஒன்றுண்டு. விதிகள் வந்தபின்னும் குருதி குறைந்துவிடவில்லை. மூளையில் விழும் அடி நின்றுவிடவுமில்லை. ஓயாது தலையில் அடிவாங்கிய குத்துச்சண்டைக்காரர் நாளடைவில் தடுமாறித் திரிவதை மருத்துவர் மார்ட்லண்டு 1928இலேயே எழுதிவைத்தார். அக்குறை கூண்டுப் போருக்கும் உரியதே. நார்வே நாடு தொழில்முறைக் குத்துச்சண்டையை 1981 முதல் 2014 வரை விலக்கிவைத்திருந்ததும் தலைக்கு நேரும் இக்கேட்டை முன்னிட்டே. ஆயினும் மக்கள் இதனை விளையாட்டு என ஏற்கத் தலைப்பட்டதற்குக் காரணம் வேறொன்று என நினைக்கிறோம். இனித் தாங்காது என்று உணர்ந்தவன் எதிரியின் உடலிலோ தரையிலோ கையால் தட்டினால், அந்நொடியே போர் நிற்கிறது. தட்ட இயலாதபடி நினைவிழந்தவனுக்காக நடுவர் இடையே பாய்ந்து நிறுத்துகிறார். தோற்றவன் எழுந்து, வென்றவனைத் தழுவி, வீட்டிற்குச் செல்கிறான். வன்முறையின் அளவைக்கொண்டு விளையாட்டை வரையறுக்க முயல்வோர் இச்சிறு தட்டலை நோக்காது விடுகின்றனர்.

பண்டைய கிரேக்கரிடமும் இதன் மூதாதை இருந்தது. பங்கிராத்தியோன் என்னும் அப்போர் கி.மு. 648 முதல் ஒலிம்பியப் போட்டிகளில் இடம்பெற்றது. அரிக்கியோன் என்னும் வீரனின் கதையை இறையியல் மாணவர் அறிந்திருத்தல் நலம். கழுத்து நெரிபட்ட நிலையிலும் அவன் பணியாது, எதிரியின் கால்விரலையோ கணுக்காலையோ முறித்தான். வலி தாளாத எதிரி தோல்வியை ஒப்புக்கொண்ட அதே கணத்தில் அரிக்கியோனின் உயிர் பிரிந்தது. நடுவர் பிணத்திற்கு வாகை சூட்டினர். கொரிந்து நகரின் அண்மையில் ஈராண்டுக்கொருமுறை நிகழ்ந்த இஸ்த்மியப் போட்டிகளை அறிந்திருந்த சபைக்கு எழுதுகையில், பவுலடியார் குத்துச்சண்டை வீரனின் மொழியை எடுத்தாள்கிறார் (1 கொரி. 9:24-27). வீரனின் கட்டுப்பாட்டை அவர் வியக்கிறார். ஆனால், கண்ணின்கீழ் அடித்துக் கன்றச் செய்தல் என்று பொருள்படும் கிரேக்க வினையைத் தம் உடல்மேலேயே ஏவுகிறார், எதிரியின்மேல் ஏவவில்லை. இவ்வுவமையைக் காட்டிப் பவுல் குத்துச்சண்டையை ஆசீர்வதித்தார் என்று பிரசங்கிப்போரும், அவர் அதனைக் கண்டித்தார் என்று பிரசங்கிப்போரும் உளர். பகுதி இரண்டிற்கும் இடந்தரவில்லை.

இனி 'வாடிவாச'லுக்கு வருவோம். செல்லப்பா 'எழுத்து' ஏட்டைத் தொடங்கிய 1959ஆம் ஆண்டிலேயே இக்குறுநாவலும் நூலாக வெளிவந்தது. ஒரு பிற்பகலில் தொடங்கி அந்தி சாய்வதற்குள் முடிந்துவிடும் கதை. செல்லாயி கோயில் திருவிழா ஜல்லிக்கட்டுக்குப் பிச்சி என்னும் இளைஞன் மருதனோடு வெளியூரிலிருந்து வருகிறான். மாடு அணைவதில் பேர்பெற்ற அவன் தகப்பன் அம்புலி, ஜமீன்தாரின் காரி என்னும் காளையால் குத்துண்டு மாண்டவன். அக்காளையை அதே வகையில் அடக்குவதே பிச்சியின் மறைந்த நோக்கம். வாடிவாசலருகே நிற்கும் முதியவர் ஒருவர் காளைகளின் குணங்குறிகளை ஒவ்வொன்றாக எடுத்துரைக்கிறார். முதலில் வேறு காளைகளைப் பிடித்துத் தன் திறத்தை நிறுவிய பிச்சி, இறுதியில் காரியையும் அணைந்து வெல்கிறான். மானமழிந்த காரி வெறிகொண்டு ஓட, ஜமீன்தாரே அதனைச் சுட்டு வீழ்த்துகிறார்.

கதையின் கட்டுக்கோப்பைப் பலரும் பாராட்டியுள்ளனர். நாம் அதனை வழிமொழிந்து மேலே செல்கிறோம். செல்லப்பா ஜல்லிக்கட்டை அருகிருந்து கண்டவர். காளை எப்பக்கம் தலையைத் திருப்பும், திமிலில் கை விழுவதற்கும் கொம்பு வீசுவதற்கும் இடையே எத்துணைச் சிறு பொழுது கிடைக்கும் என்பவற்றை அவர் உரையாடலின் வழியாகவே வாசகனுக்குக் கற்பித்துவிடுகிறார். மதுரை வட்டாரப் பேச்சு கதையின் தசையாக அமைந்துள்ளது. இவற்றினும் முக்கியமானது, விளையாட்டு என்னும் சொல்லைக் கதை தன் போக்கிலேயே ஐயத்திற்கு உள்ளாக்குவது. எங்கும் ஆசிரியர் குறுக்கிட்டு அறவுரை கூறவில்லை. எனினும், கூடியிருக்கும் ஆயிரவர் கண்ணுக்கு அன்று நடப்பது விளையாட்டு, பிச்சிக்கு அது தகப்பன்கடன், ஜமீன்தாருக்குக் குலமானம், காரிக்கு உயிர்ப்போர் என்பதை வாசகன் உணராமலிருக்க இயலாது. விளையாடுவதற்கென்று வாடிவாசலில் வந்து நின்றவர் எத்தனைபேர் என்று எண்ணத் தொடங்கினால் கணக்கு வியப்பூட்டும்.

ஜமீன்தாரைக் கொடியவராகச் செல்லப்பா தீட்டவில்லை என்பது குறிக்கத்தக்கது. வென்றவனின் திறத்தை மதிக்க அவருக்குத் தெரியும். தம் காளை பிடிபட்டதைப் பொறுத்துக்கொண்டு வாழ்வதற்குத்தான் தெரியவில்லை. பிடிபட்ட காளை வெறிகொண்டதால் சுட்டார் என்று மேலோட்டமாகச் சொல்லிவிடலாம். ஆனால் சுடும் கையில் அச்சம் மட்டுமா இருந்தது என்னும் கேள்வியைக் கதை நம்மிடம் விட்டுச்செல்கிறது. பிச்சியும் ஏறத்தாழ அதே நிலையிலேயே இருக்கிறான். மாடு அணைபவனின் கலை பற்றுவதில் மட்டும் இல்லை. எப்போது விடுவது என்பதை அறிந்து விலகுவதும் அக்கலையில் அடங்கும். மூன்று துள்ளலுக்குமேல் தாங்காத பிடியை விட்டு ஒதுங்குபவனை அனுபவசாலிகள் கோழை என்று சொல்லமாட்டார்கள். பிச்சிக்கோ அந்த உரிமை இல்லை. இறந்துபோன தகப்பன் அவன் கைகளைக் காரியின் திமிலோடு சேர்த்துக் கட்டிவிட்டிருக்கிறான். காளைக்கும் விட்டு விலக வழியில்லை. அதன் உடையவருக்கும் இல்லை. கையால் தட்டி நிறுத்தும் வாய்ப்பு எவருக்குமே அடைபட்டுவிட்ட அந்தப் பிற்பகலை நாம் விளையாட்டு என்று அழைக்கத் துணியோம்.

குறைகளையும் சொல்லவேண்டும். கதை முழுவதும் ஆண்களின் குரலே ஒலிக்கிறது. அம்புலியைப் பறிகொடுத்த வீட்டில் எஞ்சியோர் அப்பிற்பகலை எவ்வாறு கழித்தனர் என்று ஆசிரியர் கேட்கவில்லை. வாடிவாசலில் இறங்க எவர்க்கு உரிமை, எவர்க்கு இல்லை என்னும் சாதிக் கேள்வியும் ஜமீன்தார்முன் காட்டப்படும் பணிவில் தலைகாட்டி மறைந்துவிடுகிறது. முதல் காளை யாருடையது, முதல் மரியாதை எத்தெருவுக்கு என்பவற்றில் எத்தனை பகை புதைந்துள்ளது என்பதை நம் சிற்றூர்ச் சபைகளின் ஆயர்கள் நன்கறிவர். மற்றொன்று சற்று நுட்பமானது. செல்லப்பாவின் எழுத்தாற்றல் வாசகனைக் கூட்டத்தின் நடுவிலேயே நிறுத்திவைக்கிறது. காரி பாயும்போது நாமும் அதன் கொம்பு நுனியையே பார்க்கிறோம், குத்து விழுமோ என்னும் அச்சத்தோடு, குத்து விழாமலே போய்விடுமோ என்னும் ஏக்கமும் கலந்து. நூலாசிரியர் இதனை அறிந்தே செய்தாரா என்று நம்மால் துணிய இயலவில்லை. ஆயினும் படித்து முடித்தபின் வாசகன் தன்னையே ஐயுறும்படி ஆகிறது.

இவ்விடத்தில் அகுஸ்தீனின் நண்பர் அலிப்பியுஸ் நினைவுக்கு வருகிறார். அறிக்கைகளின் ஆறாம் புத்தகத்தில் அவர் கதை வருகிறது. ரோமையில் வாள்வீரர் போர்க்காட்சிக்கு நண்பர்கள் அவரை இழுத்துச் செல்கின்றனர். உடல்தான் அங்கிருக்கும், மனம் இராது என்று சொல்லிக் கண்களை மூடிக்கொள்கிறார். திடீரென்று கூட்டம் ஆர்ப்பரிக்க, என்னவென்று காணக் கண்திறக்கிறார். அதன்பின் அவர் வேறு மனிதர். வீழ்ந்தவன் உடலில் பட்ட காயத்தினும் பார்த்தவர் ஆன்மாவில் பட்ட காயம் கொடியது என்பது அகுஸ்தீனின் கணிப்பு. பண்டைத் திருச்சபையார் அரங்கைக் கண்டித்தபோது வீரனின் குருதியை மட்டும் கணக்கிடவில்லை. இருக்கையில் அமர்ந்திருப்பவன் அங்கு என்னவாகிறான் என்பதையும் கணக்கிட்டனர். கைபேசியில் கூண்டுப் போரைப் பார்க்கும் இளைஞனிடம் நாம் பேசத்தக்க பொருள் இங்கேதான் இருக்கிறது. போட்டியாளர் இருவரும் தம் விருப்பத்தோடு உள்ளே சென்றவர்கள், தட்டி வெளியேறவும் வல்லவர்கள். பார்ப்பவன் எதற்காகக் காத்திருக்கிறான், போர் நிற்பதற்கா, நிற்காதிருப்பதற்கா?

திருமறையில் இவ்வினாவை நேருக்குநேர் தொடும் பகுதி ஒன்றுண்டு. நம் பிரசங்க பீடங்களில் அது அரிதாகவே வாசிக்கப்படுகிறது. கிபியோன் குளத்தின் ஒருபுறம் அப்னேரின் படை, மறுபுறம் யோவாபின் படை (2 சாமு. 2:12-17). படைத்தலைவர் இருவரும் அமர்ந்திருக்கின்றனர். வாலிபர் எழுந்து தங்கள்முன் விளையாடட்டும் என்று அப்னேர் முன்மொழிய, யோவாப் உடனே இசைகிறான். இருபுறமிருந்தும் பன்னிருவர் எழுகின்றனர். ஒவ்வொருவனும் எதிரியின் தலையைப் பற்றி அவன் விலாவில் பட்டயத்தைச் செலுத்த, இருபத்துநால்வரும் ஒருங்கே விழுகின்றனர். அவ்வளவே. வென்றவன் என்று சொல்ல ஒருவனும் எஞ்சவில்லை.

எபிரெய மூலத்தில் அப்னேர் ஆளும் வினை 'சாஹக்' என்பது. சிரித்தல், களித்தல், விளையாடுதல் என்னும் பொருள்களை உடைய சொல். கண் பிடுங்கப்பட்ட சிம்சோனைத் தாகோன் கோயிலில் கொண்டுவந்து நிறுத்துகையில் பெலிஸ்தர் வேண்டுவதும் இதே சொல்லால்தான் (நியாயா. 16:25). மீட்கப்பட்ட எருசலேமின் வீதிகளில் சிறுவரும் சிறுமியரும் விளையாடுவதைச் சகரியா தீர்க்கன் காண்பதும் இச்சொல்லால்தான் (சக. 8:5). உலகப் படைப்பின்போது ஞானம் ஆண்டவர்முன் களிகூர்ந்ததும் இச்சொல்லாலேயே (நீதி. 8:30-31). நம் பழைய தமிழ்த் திருப்புதலார் கிபியோனில் 'சிலம்பம்' என்றும், காசாவில் 'வேடிக்கை' என்றும், எருசலேமில் 'விளையாட்டு' என்றும் இடத்திற்கேற்பப் பெயர்த்துள்ளனர். தமிழ்ச் செவிக்கு அது இனிமையே. ஆனால் அதனால் ஓர் இழப்பும் உண்டு. ஒரே சொல் தெருவில் ஆடும் பிள்ளைகளையும் குளக்கரையில் விழுந்த பிணங்களையும் சுட்டுகிறது என்னும் அதிர்ச்சி மூலத்தை வாசிப்போர்க்கு மட்டுமே கிட்டுகிறது. இங்கு எபிரெயம் கற்கும் மாணவர் தம் உழைப்பிற்கு ஈடு பெறுவர்.

கிபியோன் நிகழ்ச்சியை விளையாட்டு அல்லாததாக்குவது எது? பட்டயம் என்று உடனே சொல்லத் தோன்றும். அதனினும் ஆழ்ந்த காரணம், முன்மொழிந்தவரும் இசைந்தவரும் எழாமல் அமர்ந்தே இருந்தது. அப்னேரும் யோவாபும் குளத்தின் இருகரையிலும் இருக்கின்றனர். எழுந்த வாலிபரை எவரும் வினவியதாகத் திருநூல் கூறவில்லை. பின்வாங்கினால் என்னாகும் என்னும் கேள்விக்கும் அங்கு இடமில்லை. தங்கள் தலைவன்முன், எதிரியின் கண்முன், எழச்சொன்னபோது எழாதிருப்பவன் எவன்? விளையாட்டு அங்கேயே நிற்கவுமில்லை. அது போராய் மூண்டு, ஆசகேல் மாண்டு, அந்திக்குள் தாவீதின் பக்கத்தில் ஆசகேலைத் தவிரப் பத்தொன்பது பேரும், அப்னேரின் பக்கத்தில் முந்நூற்றறுபது பேரும் வீழ்ந்தனர். பட்டயம் என்றென்றும் பட்சிக்குமோ என்னும் பொருள்பட அன்று மாலை குன்றின்மேலிருந்து கூவியவன் வேறொருவன் அல்லன், காலையில் விளையாட்டை முன்மொழிந்த அப்னேரே (2:26). இப்பகுதியைப் பிரசங்கிப்போர் பெரும்பாலும் ஆசகேலின் வேகக்காலோடு தொடங்கிவிடுகின்றனர். பன்னிருவர் பகுதியைத் தாண்டிச் செல்வதால் அப்னேரின் கூவலில் உள்ள கசப்பு சபைக்கு எட்டாமல் போகிறது.

செல்லப்பாவின் ஜமீன்தாரையும் குளக்கரைத் தலைவர்களையும் ஒருங்கு வைத்துப் படிக்கையில், நமக்கு ஓர் அளவுகோல் கிடைக்கிறது. விலகுவதற்குரிய வழி திறந்திருக்கிறதா, விலகியவன் இகழப்படாமல் வீடு திரும்ப முடிகிறதா, விளையாட்டைக் கூட்டியவன் அதன் இடரில் பங்குகொள்கிறானா என்று கேட்டுப்பார்க்கலாம். குருதியின் அளவு இவற்றிற்குப் பின்னரே வரும். இவ்வளவுகோலால் நோக்கின், கூண்டுப் போர் முதல் கேள்வியில் தேறிவிடுகிறது. இரண்டாவதில் அரைகுறையாகத் தேறுகிறது. மூன்றாவதில் தவறுகிறது. காட்சியை விற்றுப் பொருளீட்டுவோர் எவரும் கூண்டுக்குள் இறங்குவதில்லை.

ஜல்லிக்கட்டு அவ்வளவு எளிதாகத் தீர்ப்புக்கு உட்படுவதில்லை. இன்றைய விதிகளின்படி மாடுபிடி வீரன் திமிலை மட்டுமே தழுவலாம். கொம்பையும் வாலையும் பிடித்தல் கூடாது. ஒரு நேரத்தில் ஒருவனே பிடிக்கவேண்டும். வரையறுத்த தொலைவோ மூன்று துள்ளலோ கடந்தால் வெற்றி. அதற்குமேல் அவன் காளையை விட்டுவிடவே வேண்டும். காளையைக் கொல்வது நோக்கமன்று. இவ்வகையில் எசுப்பானியக் காளைப்போரோடு இதனை ஒப்பிடுவோர் பெரும்பிழை செய்கின்றனர். இறங்குவதும் இறங்காததும் வீரனின் விருப்பம். அவ்வளவில் அவனுக்கு இது விளையாட்டே என ஒப்புக்கொள்கிறோம். ஆனால் காளை விருப்பத்தோடு வந்ததன்று. அதைக் குடும்பத்தில் ஒன்றாய் வளர்க்கும் பெண்கள் நம் மாவட்டத்தில் பலர். அவர்கள் அன்பைக் குறைத்துப் பேச நமக்கு மனமில்லை. எனினும் அன்பு காளையின் இசைவாகிவிடாது. இரண்டாவது கேள்வி இன்னும் கடியது. கலித்தொகையின் முல்லைக்கலியில் ஏறுதழுவலைப் பாடிய சோழன் நல்லுருத்திரன், குத்துண்டவர் குடல் சரிவதை மறைக்கவில்லை. அஞ்சியவனை மறுபிறப்பிலும் ஆயமகள் தழுவாள் என்னும் கருத்தையும் அவரே பாடினார். விலகுதலுக்கு இகழ்ச்சி அன்றே விலையாக வைக்கப்பட்டது. கொம்பில் கட்டிய சல்லிக்காசும் துண்டும் பரிசாயிருந்த காலம்போய், மோட்டார் வண்டியும் காரும் பரிசாக நிற்கும் இன்று அவ்விலை ஏறியிருக்கிறது. கூலிவேலை செய்யும் இளைஞனுக்குக் கார் ஒன்று கண்ணெதிரே நிற்கையில், பிடியை விடுவது எளிதா?

நீதிமன்றங்களின் வரலாற்றை ஆயர்கள் அறிவர். 2006இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் முதல் தடை, 2009இல் மாநிலத்தின் ஒழுங்குமுறைச் சட்டம், 2014 மே 7இல் உச்ச நீதிமன்றத்தின் தடை, 2017 ஜனவரியில் மெரினாவில் இளைஞர் திரண்டதும் சட்டத் திருத்தம், 2023 மே 18இல் ஐவர் ஆயத்தின் ஏற்பு. பண்பாட்டின் பெயரால் ஒருசாராரும் உயிரிரக்கத்தின் பெயரால் மற்றொரு சாராரும் வழக்காடினர். விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தை ஒட்டி எழுந்த வழக்காதலின், அதன் அச்சு காளையாகவே இருந்தது. மாண்ட மனிதர் அவ்வழக்கின் ஓரத்திலேயே நின்றனர். 2019 ஜனவரி 20இல் விராலிமலையில் ஒரே நாளில் 1,300க்கும் மேற்பட்ட காளைகள் அவிழ்த்துவிடப்பட்டு உலக சாதனை என்று கொண்டாடப்பட்டது. அன்று இருவர் மாண்டனர். 2025 ஜனவரி 16, காணும் பொங்கல் ஒருநாளில் மட்டும் தமிழகத்தில் ஏழுபேர் உயிரிழந்தனர். அவர்களுள் வேடிக்கை பார்க்க வந்தவரும் காளையை அழைத்துவந்தவரும் இருந்தனர். விளையாட்டில் இறங்காதவன் விளையாட்டால் சாகிறான் என்றால், அவனளவில் அது எதுவாக இருந்தது? வீரத்தைப் புகழும் சுவரொட்டிகளில் இவனுக்கு இடமில்லை, ஏனெனில் இவன் வீரன் அல்லன். தடைகோரிய மனுக்களிலும் இவனுக்குப் பெரிய இடமில்லை, ஏனெனில் இவன் காளையும் அல்லன்.

வாலிபர் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, கடலுக்குப் போகும் நாங்கள் நாள்தோறும் உயிரைப் பணயம் வைக்கவில்லையா, அதை எவர் தடுத்தார் என்று கேட்டார். கேள்வி நேர்மையானது. 2021 ஜனவரியில் நம் அண்டைத் துறையாகிய கோட்டைப்பட்டினத்திலிருந்து சென்ற படகு இலங்கைக் கடற்படைக் கலத்தோடு மோதிய நிகழ்ச்சியில் நால்வர் மாண்டதை இக்கரையில் எவரும் மறக்கவில்லை. ஆயினும் இரண்டையும் ஒன்றாக்குதல் தகாது என்றோம். மீனவனின் இடர் அவன் தொழிலின்மேல் வந்து விழுவது. அவன் அதனைத் தேடிப் போகவில்லை, கரையிலிருப்போர் அதனைக் காணச் சீட்டு வாங்கவுமில்லை. படகு இடரின்றித் திரும்பினால் வீட்டார் மகிழ்வர். வாடிவாசலில் காளைகளெல்லாம் இடரின்றிக் கடந்துபோனால், வந்த கூட்டம் ஏமாற்றத்தோடு கலையும். இவ்வேறுபாட்டைக் கேட்டவர் ஏற்றுக்கொண்டாரென்று கூறமாட்டோம். கடலில் மாண்டவனின் பெயரை ஒருவரும் கைதட்டி அழைப்பதில்லையே, மாடு பிடிப்பவனின் பெயரையாவது ஒலிபெருக்கியில் சொல்கிறார்களே என்றார் அவர். அதற்கு விடைசொல்லும் கடமை வாடிவாசலைவிடத் திருச்சபைக்கே மிகுதி.

இது ஊரார் பொருள், சபைக்கு இதில் என்ன என்று சொல்லிவிட இயலாது. ஆண்டின் முதல் ஜல்லிக்கட்டு நடைபெறும் ஊர் என்று அறியப்படும் நம் மாவட்டத்துத் தச்சங்குறிச்சியில், அது கத்தோலிக்க ஆலயத்தின் புத்தாண்டு விழாவை ஒட்டியே நிகழ்கிறது. திண்டுக்கல் வட்டாரத்திலும் அந்தோணியார் திருவிழாக்களில் காளைகள் அவிழ்க்கப்படுகின்றன. நாம் சீர்திருத்த சபையார், நமக்கு அத்தகைய விழாக்கள் இல்லை என்று ஒதுங்குவது உண்மைக்குப் பொருந்தாது. நம் உறுப்பினர் வீடுகளிலும் காளைகள் உண்டு, நம் இளைஞரும் இறங்குகின்றனர். ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தெலெமாக்கு என்னும் துறவி ரோமை அரங்கில் இறங்கி வாள்வீரரை விலக்க முயன்றபோது, பார்வையாளரே அவரைக் கல்லெறிந்து கொன்றனர் என்று தெயோதொரேத்து எழுதியுள்ளார். அதுகேட்ட பேரரசன் ஒனோரியு அக்காட்சியை நிறுத்தினானாம். இதனைக் காட்டி ஆயர்கள் வாடிவாசலில் குறுக்கே பாயவேண்டும் என்று எழுதுவது எழுதுபவனுக்கு எளிது. அதனை நாம் கேட்கவில்லை.

நாம் கேட்பது சிறியது. வாடிவாசல் திறப்பதற்குமுன் ஜெபிக்கும்படி விழாக்குழுவினர் ஆயரை அழைப்பது சில ஊர்களில் உண்டு. அவர்கள் தரும் இடம் மேடை. அதாவது, குளத்தின் கரை. அழைப்பை ஏற்கும் ஆயர் மேடையில் அமராமல், முதலுதவிக் கொட்டகையின் அருகே நின்று ஜெபிக்கலாம். இரட்டைத் தடுப்புக் கட்டியாயிற்றா, காளைகள் போய்ச்சேரும் இடத்தில் வேடிக்கை பார்ப்போர் நெருங்காதபடி காவல் உண்டா என்று முன்னாளிலேயே சென்று பார்க்கலாம். சென்ற ஆண்டில் மாண்டவன் எவனேனும் இருந்தால், வீரனோ பார்வையாளனோ, அவன் பெயரை ஒலிபெருக்கியில் சொல்லச்செய்யலாம். ஜெபத்திலும், எங்கள் ஊர் வெல்லட்டும், எங்கள் வீரர் மாட்டை அடக்கட்டும் என்று வேண்டுவதைத் தவிர்த்து, பிடியை விடவேண்டிய நேரத்தில் விடுவதற்கு மனந்தரும்படியும், விட்டவனை ஊரார் ஏளனம் செய்யாதபடியும் வேண்டலாம். அவ்வாறு ஜெபித்த ஆயரை அடுத்த ஆண்டு அழைக்கமாட்டார்கள் என்று நம் மாணவர் ஒருவர் நகைத்துக் கூறினார். இருக்கலாம்.